வலையமைப்பு வரைபட மென்பொருள்: வாங்குமுன் கோடுகளைக் கேள்வி கேளுங்கள்

வலையமைப்பில் உள்ள கருவிகளைத் தானாகவே கண்டறிந்து வரைபடமாக்கித் தரும் மென்பொருளை வாங்க விரும்பும் நிறுவனங்களில் பல, விற்பனையாளர் திரையில் காட்டும் அழகான படத்தைப் பார்த்த அன்றே பாதி முடிவுக்கு வந்துவிடுகின்றன. ஆனால் அந்தப் படம், கருவிகளின் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டிகளான ஸ்விட்சுகள் எல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லும் ஓர் ஆய்வகத்தில் எடுக்கப்பட்டது. ஆகவே விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, இரண்டு கருவிகளை இணைக்கும் ஒவ்வொரு கோட்டையும் எந்த ஆதாரத்தைக் கொண்டு மென்பொருள் வரைகிறது என்பதுதான்.

பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பிப் பார்ப்பதால், ஓர் ஐபி முகவரியில் ஏதோ ஒரு கருவி உயிருடன் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். ஃபயர்வால் பிங்கைத் தடுக்கும் விண்டோஸ் கணினி என்றால் அதுவும் தெரியாது. ஒரே சப்நெட்டுக்குள் (வலையமைப்பின் ஒரே உட்பிரிவுக்குள்), ஓர் ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்று கேட்டறியும் ஏ.ஆர்.பி. நெறிமுறை மூலம் தேடினால் அத்தகைய கணினிகளும் பெரும்பாலும் சிக்கிவிடும். எனினும் இவை இரண்டும் பட்டியலைத்தான் தருமே தவிர, எது எதனுடன் இணைந்திருக்கிறது என்று சொல்வதில்லை. அதை அறிய, கருவிகள் தம்மைப் பக்கத்துக் கருவிகளுக்கு அறிவிக்கும் நெறிமுறைகளான, 2005இல் தரப்படுத்தப்பட்ட எல்.எல்.டி.பி. அல்லது சிஸ்கோவின் சி.டி.பி. வழியே ஸ்விட்சுகள் சேகரித்து வைத்திருக்கும் அண்டைக் கருவிகளின் விவரங்களையும், எந்தப் போர்ட்டில் எந்த மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) தெரிகிறது என்ற அட்டவணையையும், கருவிகளிடம் விவரம் கேட்டுப் பெறும் எஸ்.என்.எம்.பி. நெறிமுறை மூலம் மென்பொருள் படிக்க வேண்டும்.

சிக்கல், மேலாண்மை வசதி இல்லாத மலிவான ஸ்விட்சுகளில் தொடங்குகிறது. அவை தம்மைப் பற்றி எதையும் அறிவிப்பதில்லை; கேட்டாலும் பதில் சொல்வதில்லை. ஒரு நூற்பாலை அலுவலகத்தில் இரண்டு மென்பொருள்களை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தோம். முதன்மை ஸ்விட்சின் ஒரே போர்ட்டில் பதினொரு மேக் முகவரிகள் தெரிந்தன. முதல் மென்பொருள் அந்தப் போர்ட்டிலிருந்து பதினொரு கருவிகளுக்கும் நேர்க்கோடு போட்டுவிட்டது. மற்றொன்று இடையில் ஒரு கட்டம் வரைந்து, ‘அறியப்படாத ஸ்விட்ச்’ என்று குறித்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், கணக்குப் பிரிவின் பீரோவுக்குப் பின்னால் தூசி படிந்த ஸ்விட்ச் ஒன்று இருந்தது. சிசிடிவி பதிவுக் கருவியும் அதில்தான் செருகப்பட்டிருந்தது. படம் சற்று அலங்கோலமாக இருந்தாலும், இரண்டாவதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

சோதனைக் காலத்தில் ஒரு தளத்தையாவது கையால் வரைந்து வைத்துக்கொண்டு, மென்பொருளின் படத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒரு கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றி, படம் மாற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். சுமை குறைவு என்பதற்காகப் பலர் தேடலை நள்ளிரவில் ஓட விடுகிறார்கள். பல ஸ்விட்சுகளில், போக்குவரத்து நின்ற 300 விநாடிகளில் மேக் முகவரி அட்டவணையிலிருந்து நீங்கிவிடும் என்பதால், மாலையில் அணைக்கப்பட்ட கணினிகள் அந்த வரைபடத்தில் இடம்பெறாமலே போகும்.

தேடல் எவ்வளவு மென்மையானது என்பதும் முக்கியம். எல்லாப் போர்ட்டுகளையும் (இங்கே கேபிள் செருகும் துளை அல்ல, ஒரு கருவியின் சேவைகளுக்கான எண்கள்) துழாவும் மென்பொருள் 9100ஆம் போர்ட்டுக்கு அனுப்பும் தரவை, சில பிரிண்டர்கள் அச்சிட வேண்டிய ஆவணம் என்று எடுத்துக்கொண்டு தாள்களைத் துப்பத் தொடங்கிவிடும். என்மேப் என்னும் துழாவல் மென்பொருள் தன் சேவைப் பதிப்புச் சோதனையில் இந்தப் போர்ட்டை இயல்பாகவே தவிர்ப்பதற்குக் காரணம் இதுதான். ஆலைகளில் இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. கருவிகளில் பழையவை இத்தகைய துழாவலில் செயலிழக்கவும் கூடும். ஆகவே விலக்குப் பட்டியல் வசதி இல்லாத மென்பொருளைத் தொழிற்சாலைக்குள் விட வேண்டாம்.

லைசென்ஸ் கணக்கு கருவிக்கா, ஐபி முகவரிக்கா, கண்காணிக்கும் ஒவ்வோர் அம்சத்துக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி வகையில் 48 போர்ட் ஸ்விட்ச் ஒன்றே நாற்பத்தெட்டாக எண்ணப்படலாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் வைஃபைக்கு மாற்று மேக் முகவரிகளைப் பயன்படுத்துவதால், விருந்தினர் வலையமைப்பையும் தேடலில் சேர்த்தால் எண்ணிக்கை வீணாக ஊதிப்போகும்.

பலர் கடைசியாக யோசிப்பது பாதுகாப்பை. எல்லாக் கருவிகளின் முகவரியும் கடவுச்சொல்லும் ஒரே இடத்தில் குவியும் மென்பொருள் இது. சோலார்விண்ட்ஸ் ஓரியன் என்னும் வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருள் மீது நடந்து 2020 டிசம்பரில் வெளியே தெரிந்த ஊடுருவலில், அதன் அதிகாரபூர்வப் புதுப்பிப்பிலேயே தீங்கு நிரல் கலந்திருந்தது. அமெரிக்க அரசுத் துறைகள் பலவும் பாதிக்கப்பட்டன. ஆகவே மென்பொருளுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். அது இயங்கும் சர்வரைத் தனி வி-லேனில் (மற்றவற்றிலிருந்து பிரிக்கப்பட்ட உள் வலையமைப்பில்) வைத்து, இணையத்துடனான தொடர்பைத் தேவையான முகவரிகளுக்கு மட்டும் அனுமதியுங்கள். எஸ்.என்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பில், கடவுச்சொல்லாகப் பயன்படும் கம்யூனிட்டி சொல் மறைகுறியாக்கம் இன்றியே பயணிக்கிறது. மறைகுறியாக்க வசதியுள்ள மூன்றாம் பதிப்பை ஆதரிக்காத மென்பொருளை இன்று பரிசீலிக்கவே தேவையில்லை.

லினக்ஸில் கைப்பழக்கம் உள்ள ஒருவர் அலுவலகத்தில் இருந்தால், லிப்ரெஎன்எம்எஸ் என்னும் திறந்த மூலக் கண்காணிப்பு மென்பொருள் பல நடுத்தர நிறுவனங்களுக்குப் போதும். கட்டண மென்பொருளையே வாங்குவதாக இருந்தால், கருவிப் பட்டியலையும் இணைப்பு விவரங்களையும் சிஎஸ்வி கோப்பாக முழுமையாக வெளியே எடுக்க முடிகிறதா என்று சோதனைக் காலத்திலேயே எடுத்துப் பாருங்கள். சந்தா முடிந்ததும் திரையோடு சேர்ந்து வரைபடமும் போய்விடுகிற ஒப்பந்தங்கள் உண்டு.