'ஆல் ஒரிஜினல்' என்றால் எது ஒரிஜினல்? பழைய கிட்டார் விற்பனைச் சொற்கள்

"1963 ஸ்ட்ராட், ஆல் ஒரிஜினல், ரீஃப்ரெட், ரீஃபின், ப்ளேயர் கிரேடு." விற்பனை விளம்பரத்தில் இப்படி ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். ஸ்ட்ராட் என்பது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார். ப்ளேயர் கிரேடு என்றால் சேகரிக்க அல்ல, வாசிக்க ஏற்றது. முதலில் சொன்னதைப் பின்னால் வரும் மூன்று சொற்களுமே மறுக்கின்றன. பழைய கிட்டாரைப் பார்க்கும்போது நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: செய்த மாற்றத்தை ஸ்க்ரூடிரைவரும் சால்டரிங் அயர்னும் வைத்துப் பழையபடி ஆக்க முடியுமா? முடிந்தால் விலை பேசலாம். மரத்தைக் குடைந்திருந்தால் போனது போனதுதான்.

ரீஃப்ரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளை மாற்றியது என்றால் பயப்பட வேண்டாம். வாசித்தால் ஃப்ரெட் தேயும், மாற்றத்தான் வேண்டும். ஆனால் மேப்பிள் ஃபிங்கர்போர்டு என்றால் அதன் மேல் வார்னிஷும் புதிதாக அடித்திருக்கலாம், அதைக் கேளுங்கள். ட்யூனர் (கம்பியை முறுக்கும் திருகு) மாற்றியது என்றால் பழைய துளை அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். க்ளூசன் கம்பெனி ட்யூனரைக் கழற்றி க்ரோவர் கம்பெனியுடையதைப் போட்டவர்கள் 9 மி.மீ-க்கும் குறைவான துளையை 10 மி.மீ-ஆகப் பெரிதாக்கியிருப்பார்கள். 'ரௌட்டட்' என்றால் ஹம்பக்கருக்காக, அதாவது இரண்டு காயில் கொண்ட பிக்கப்புக்காக (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்), உளியோ ரௌட்டரோ உள்ளே போயிருக்கிறது. பிக்கார்டு (கம்பிகளுக்கு அடியில் பாடியை மூடும் தகடு) மூடிவிடுவதால் வெளியே தெரியாது.

மிகவும் ஏமாற்றும் சொல் 'ரீஃபின்', அதாவது மறுபடி பெயின்ட் அடித்தது. விலையைப் பாதியாகக்கூட இறக்கிவிடும். பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் புற ஊதா டார்ச்சின் அடியில் வெளிறிய மஞ்சள் பச்சையாக ஒளிரும். புதிதாக அடித்த இடம் திட்டுத்திட்டாக இருண்டு தெரியும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் ஃபெண்டர் பாடியில் சின்ன ஆணிகள் அடித்து, அவற்றின் மேல் நிறுத்திப் பெயின்ட் அடித்தார்கள். காய்ந்த பிறகு பிடுங்கிய ஆணித் துளைகள் பிக்கார்டுக்கு அடியில் இருக்கும். துளைக்குள் வெறும் மரம் தெரிந்தால் நல்லது. உள்ளே பெயின்ட் இறங்கியிருந்தால், ஆணி போன பிறகு யாரோ அடித்தது. பிக்கார்டைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். 1960களின் செல்லுலாய்டு பிக்கார்டு சுருங்கி, ஸ்க்ரூ துளையோரம் விண்டுபோகக் காத்திருக்கும்.

'ப்ரீ-சிபிஎஸ்' என்றால், 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்குவதற்கு முந்தையது. தேதியைச் சரிபார்க்க 'பாட்', அதாவது வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் பொடென்ஷியோமீட்டரின் முதுகைப் பாருங்கள். 1376618 என்று இருந்தால் 137 என்பது பாட்டைச் செய்த சி.டி.எஸ் கம்பெனி, 66 ஆண்டு, 18 வாரம். அந்தக் கிட்டார் அந்த வாரத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது, பிந்தியதாக இருக்கலாம். 1966 பாட்கள் மொத்தமாக வாங்கி வைக்கப்பட்டு அந்தப் பத்தாண்டின் கடைசி வரை செலவாயின. எண் பொருந்தினாலும் சால்டரைப் பாருங்கள். பழைய சால்டர் மங்கிக் கிடக்கும். பளபளக்கும் உருண்டை இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

'பி.ஏ.எஃப்' என்பது 'பேட்டன்ட் அப்ளைட் ஃபார்'. செத் லவர் வடிவமைத்து 1957 முதல் கிப்சன் கிட்டார்களில் வந்த ஹம்பக்கரின் அடியில் ஒட்டிய கறுப்பு ஸ்டிக்கர். பிறகு வந்த ஸ்டிக்கரில் 2,737,842 என்ற எண் இருக்கும். அது பிக்கப்பின் பேட்டன்டே அல்ல, கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் டெயில்பீஸுக்குக் (கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் பாகம்) கொடுத்தது! ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கிட்டாரில் கேபிளைச் செருகி, மறுமுனை ஜாக்கின் நுனியிலும் உறையிலும் மல்டிமீட்டரை வையுங்கள். வால்யூம் முழுக்கத் திறந்திருக்கட்டும். 8 கிலோ ஓம் பிக்கப், 500 கிலோ ஓம் பாட் வழியாக ஏறத்தாழ 7.87 காட்டும். அசல் பி.ஏ.எஃப் பெரும்பாலும் 7 முதல் 9-க்குள் நிற்கும்.

அதே பிக்கப்பில் 'காயில் ஸ்ப்ளிட்' உண்டு என்று பெருமையாகச் சொன்னால் உஷாராகுங்கள். பி.ஏ.எஃப்-இல் வெளியே வருவது ஒரே ஒரு வயரும் அதைச் சுற்றிய பின்னல் உறையும்தான். இரண்டு காயிலையும் பிரிக்க உலோக மூடியைத் திறந்தாக வேண்டும். மூடியோரத்து இரண்டு சால்டர் புள்ளிகள் உடைந்தால் 'அன்ஓபன்ட்' (திறக்காதது) என்ற பெயர் போயிற்று. இதையே 'டேப்' என்றும் சிலர் எழுதுவார்கள், அது தப்பு. டேப் என்பது ஒரே காயிலின் நடுவிலிருந்து வயர் எடுப்பது.

'இண்டியன் ரோஸ்வுட்' என்று பார்த்தால் முகம் சுளிக்க வேண்டாம். அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். 'பிரேசிலியன்' என்றால்தான் ஜாக்கிரதை. 1992 முதல் அந்த மரம் சைட்ஸ் என்ற, அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அனுமதிச் சான்று வேண்டும்.

ஆம்ப்ளிஃபையரில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே 'ஆல் ஒரிஜினல்' என்பது குறை. 60களின் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இந்நேரம் உலர்ந்திருக்கும். 'ரீகேப்டு', அதாவது அவற்றை மாற்றியது என்றால் நல்ல செய்தி. பழைய இரண்டு பின் ஆம்ப்களில் மெயின் லைனிலிருந்து சேஸிக்கு (ஆம்பின் உலோகப் பெட்டி) ஒரு கெபாசிட்டர் போகும். அதன் பட்டப்பெயரே 'டெத் கேப்'. அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியில் மெயின் கரன்ட் வரும், மைக்கில் உதடு பட்டால் அடிக்கும். அதைக் கழற்றி, எர்த்தோடு மூன்று பின் கார்டு போடச் சொல்லுங்கள். அமெரிக்க 117 வோல்ட் ஆம்பை நம் 230-இல் நேரே செருகக் கூடாது, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மலிவான டிரான்ஸ்ஃபார்மர்களில் எர்த் உள்ளேயே நின்றுவிடும். ஆம்பை டிரான்ஸ்ஃபார்மரில் செருகி, டிரான்ஸ்ஃபார்மரைச் சுவர் சாக்கெட்டில் செருகாமல், டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் பின்னுக்கும் ஆம்ப் சேஸிக்கும் மல்டிமீட்டர் வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். சேஸியைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை. அணைத்த பிறகும் உள்ளே 400 வோல்ட் வரை நிற்கும்.