பெஞ்ச்மார்க்: அளவுகோல் அல்ல, உரைகல்

புதிய மொழி மாதிரி (கேள்விக்கு விடை எழுதும் செயற்கை நுண்ணறிவு) "எல்லா அளவுகோல்களையும் முறியடித்தது" என்ற வரியை இந்த மாதத்தில் மட்டும் நான்கைந்து முறை படித்துவிட்டேன். இத்தகைய மாதிரிகளைச் சோதிக்கும் பொது வினாத் தொகுப்பான பெஞ்ச்மார்க்கை அளவுகோல் என்று மொழிபெயர்ப்பது பிழை.

பிரிட்டனின் நில அளவையாளர்கள் கல்லிலும் சுவரிலும் ஒரு கிடைக்கோட்டைச் செதுக்கினார்கள். அதில் கோண இரும்பைச் செருகினால், அளக்கும் கோலை நிறுத்த ஒரு பெஞ்சு கிடைக்கும். அந்தக் குறியே பெஞ்ச்மார்க். கோல் வேறு, குறி வேறு. பிறந்த இடத்திலேயே அப்படித்தான்.

செயற்கை நுண்ணறிவிலும் இதே கதைதான். 2020-இல் வந்த எம்எம்எல்யு என்ற பெஞ்ச்மார்க், 57 துறைகளில் நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. கண்ணை மூடிக் குறித்தாலே 25 விழுக்காடு கிடைக்கும். 2023-இல் வந்த ஜிபிக்யூஏ என்ற மற்றொரு பெஞ்ச்மார்க்கில் 448 அறிவியல் வினாக்கள். அந்தந்தத் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர்களும் அதற்குப் படிப்பவர்களும் விடையளித்தபோதே 65 விழுக்காடுதான் எட்டினார்கள். இரண்டிலும் அளவுகோல் ஒன்றே: சரியான விடைகளின் விழுக்காடு. மாறுவது வினாத் தொகுப்பு. ஒன்றில் வாங்கிய 60-உம் மற்றதில் வாங்கிய 60-உம் சமமல்ல என்பதை, இரண்டையும் அளவுகோல் என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் வாசகருக்கு எப்படிப் புரியவைப்பார்?

உரைகல் என்று எழுதுங்கள். எல்லாப் பொன்னையும் ஒரே கல்லில் உரைத்து, மாற்று (தூய்மையின் அளவு) தெரிந்த பொன்னின் கீற்றோடு ஒப்பிடுகிறோம். "பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்" என்ற குறள் சொல்வதும் இந்தக் கல்லைத்தான். கட்டளை என்றால் இன்று ஆணை என்றே பொருள்படுவதால் உரைகல்லே தெளிவு.

பொன் கல்லை மனப்பாடம் செய்யாதே, மொழி மாதிரி வினாக்களை மனப்பாடம் செய்கிறதே என்று நண்பர் ஒருவர் மறுத்தார். நியாயமான மறுப்பு. இணையத்தில் கிடக்கும் வினாக்கள் பயிற்சித் தரவில் கலந்துவிடுகின்றன. ஆனால் அந்தக் குறைக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர் இருக்கிறது: வினாத்தாள் கசிவு. அதைப் போய் "தரவு மாசுபாடு" என்று எழுதுகிறார்கள்!

இதைவிட வருத்தம் தருவது "நிபுணர் தீர்ப்பு" என்ற மொழிபெயர்ப்பு. மாதிரி தந்த மருத்துவ விடையை ஒரு மருத்துவர் படித்து, எங்கே சறுக்கியது, எது நோயாளிக்கு ஆபத்து என்று எடைபோடுகிறார். அங்கே வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. பழகிய கண்ணால் பொன்னையும் நாணயத்தையும் சோதிப்பதை நோட்டம் என்றார்கள். அதைச் செய்தவர் நோட்டக்காரர். இன்று அந்தச் சொல் திருடன் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதோடு சுருங்கிக் கிடக்கிறது. நான் "நிபுணர் நோட்டம்" என்று எழுதத் தொடங்கிவிட்டேன்.