இன்ஜின் அடிக்கிறதா? எப்போது அடிக்கிறது என்று கவனியுங்கள்

கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), திருவிழா என்று வெளியூர்க் குடும்பங்கள் வந்திறங்கும் நாட்களில், காரைக்குடியில் உள்ள எங்கள் பட்டறைக்கு "இன்ஜின் டக் டக்கென்று அடிக்கிறது" என்ற புகாரோடு கார்கள் வரும். மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டிகளே அதிகம். சத்தம் எப்போது வருகிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி கடகடத்து அடங்கினால் பயமில்லை. நெடுநாள் நின்றதில் ஆயில் இன்ஜின் அடியிலுள்ள சம்ப் என்ற தொட்டியில் இறங்கியிருக்கும். மேலே ஏறும்வரை, வால்வைத் தள்ளும் டேப்பட் சத்தம் போடும். அதுவரை ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள்.

ஆட்களும் சாமான்களுமாகத் திருமயம் சாலையில் டாப் கியரில் முந்தும்போது மட்டும் கலகலவென்று உலோகச் சத்தம் வந்தால், அது வேறு. பிளக் தீப்பொறி வைத்த பிறகு, எரியாமல் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை தானாகவே வெடிக்கிறது. பழைய பெட்ரோல், பிஸ்டன் தலையில் படிந்த கரி, மிகையான சூடு எதுவும் காரணமாகலாம். ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனே ஓட்டையாகும்.

என்னைக் கலங்கவைப்பது மூன்றாவது சத்தம். தேக்குக் கதவை விரல் முட்டியால் தட்டுவது போலக் கனமாக, சூடேறிய பிறகும் விடாமல், வேகத்தோடு சேர்ந்து கூடும். கானாடுகாத்தானிலிருந்து அப்படி ஒரு வண்டி வந்தது. ஆயில் குச்சியின் நுனி காய்ந்திருந்தது. அடியில் மிஞ்சிய ஆயிலை இறக்கி விரலில் தேய்த்தால், செம்பும் வெள்ளியுமாகத் துகள் மின்னியது. புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டு, நீண்ட ஸ்குரூடிரைவரை இன்ஜினில் ஊன்றிக் கைப்பிடியில் காதை வைத்தேன். மேலே அமைதி, கீழே இடி. ஒவ்வொரு சிலிண்டராகத் தீப்பொறியை நிறுத்தியபோது மூன்றாவதில் சத்தம் தணிந்தது. அங்கேதான், பிஸ்டனை இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போயிருந்தது.

"சிவப்பு விளக்கு எரிந்தது அண்ணே. பட்டறை பக்கம்தானே என்று ஓட்டிவந்துவிட்டேன்" என்றார் டிரைவர். பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டியது. கிராங்க் ஷாஃப்டும் கீறிப்போய் முழு இன்ஜின் வேலையானது.

அந்தச் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். பட்டறை அடுத்த தெருவில் இருந்தாலும் இழுவை வண்டியில்தான் வரவேண்டும். கெட்டி ஆயில் ஊற்றினால் சரியாகும் என்பவர்களை நம்பாதீர்கள். சத்தம்தான் மறையும், தேய்மானம் நிற்காது.

ஷெட்டில் நிற்கும் வண்டியை வாட்ச்மேன் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதும் நல்லதல்ல. சூடேறாத இன்ஜினில் ஈரம் ஆயிலோடு தங்கிவிடும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஆயில் அளவு பார்த்துவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடேறும்படி பிள்ளையார்பட்டி வரை ஓட்டிவரச் சொல்லுங்கள்.