எட்கர் தர்ஸ்டனின் பக்கம் ஒன்று கோப்பில் வரும்போது

பழங்குடிச் சான்றிதழ்களின் மெய்த்தன்மையை ஆராயும் விசாரணைகளில் மானிடவியலாளர் ஒருவரின் கருத்தும் கேட்கப்படும். அந்த வேலையில் பல ஆண்டுகள் இருந்ததால், எனக்கு மிகவும் பழக்கமாகிப்போன காகிதம் ஒன்று உண்டு. பள்ளி மாற்றுச் சான்றிதழ், தந்தையின் சாதிச் சான்றிதழ், கிரயப் பத்திரத்தின் நகல் ஆகியவற்றுக்கெல்லாம் பின்னால், பெரும்பாலும் லேமினேட் செய்யப்பட்டு, சில வரிகளின் மேல் மஞ்சள் மை பூசப்பட்ட ஆங்கிலப் பக்கம் ஒன்று இருக்கும். 1909-இல் சென்னை அரசு அச்சகம் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட, எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலிலிருந்து எடுக்கப்பட்ட பக்கம் அது.

அந்தியூர் பக்கத்து மலையூர் ஒன்றிலிருந்து, பேரனின் சான்றிதழ் தொடர்பாக வந்திருந்த பெரியவர் ஒருவரும் அப்படி ஒரு பக்கத்தை நீட்டினார். ‘மலையாளி’ என்ற தலைப்பில் உள்ள பதிவு அது. இங்கே அந்தப் பெயர் கேரளத்தவரை அல்ல, தமிழகத்து மலைகளில் வாழும் மக்களைக் குறிக்கிறது. “வெள்ளக்காரன் எழுதி வெச்சதுங்க. அவனுக்கெதுக்குங்க பொய் எழுதோணும்?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் மஞ்சள் மை பூசாத வரிகளை அவருக்கு யாரும் படித்துக் காட்டியிருக்கவில்லை. மலையாளிகள் காட்டுப் பழங்குடியினர் அல்லர் என்றும், சமவெளியிலிருந்து ஒப்பீட்டளவில் அண்மைக் காலத்தில் மலையேறிய தமிழ் பேசும் மக்களே என்றும் அந்தப் பதிவு கூறுகிறது. பேரனுக்குச் சாதகம் என்று நம்பி அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த காகிதம், எடுத்த எடுப்பிலேயே அவருக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தது. அந்த நூல் எப்படி உருவானது, அதை உருவாக்கியவர் யார் என்று தெரியாமல் அதிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்தெடுப்பதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

தர்ஸ்டன் மானிடவியல் படித்து வந்தவர் அல்லர். 1855-இல் பிறந்து, ஈட்டன் பள்ளியிலும் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்று, 1877-இல் மருத்துவத் தகுதி பெற்றவர். சில காலம் மனநல விடுதி ஒன்றில் மருத்துவராக இருந்து, பிறகு கிங்ஸ் கல்லூரியின் அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர், 1885-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தார். எட்வர்ட் பால்ஃபர் 1851-இல் தொடங்கி வைத்து, 1854-இல் எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்த அந்த நிறுவனத்தைச் சென்னை மக்கள் ‘செத்த காலேஜ்’ என்று அழைத்தார்கள். விலங்குக் காட்சிச்சாலை ‘உயிர் காலேஜ்’ ஆயிற்று. பஞ்சடைத்த பறவைகளும் எலும்புக்கூடுகளும் நிறைந்த கூடங்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை எந்த அதிகாரியாலும் வைத்திருக்க முடியாது.

அங்கே தர்ஸ்டன் முதலில் கவனம் செலுத்தியது கடலின் மீது. மன்னார் வளைகுடாவின் உயிரினங்களையும் இராமேசுவரம் கரையோரத்தையும் முத்து, சங்கு குளிப்பையும் பற்றி எழுதினார். அருங்காட்சியகத்தின் நாணயங்களுக்குப் பட்டியல் தயாரித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் தென்னிந்திய நாணயங்கள் குறித்த அவருடைய வரலாறு 1890-இல் வெளிவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார். ‘மொபுலா தர்ஸ்டோனி’ என்ற கொம்புத் திருக்கை இனம் இன்றும் அவர் பெயரைச் சுமந்து கடலில் திரிகிறது. இவற்றையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. சிப்பி, நாணயம், எலும்பு ஆகியவற்றை அளந்து, பெயர் எழுதி, இழுப்பறையில் அடுக்கப் பழகிய கை அது. மனிதர்களிடம் வந்தபோதும் அந்தக் கை தன் பழக்கத்தை விடவில்லை.

1894-இல், வங்காள ஆசியவியல் சங்கத்திடம் இரவல் வாங்கிய அளவைக் கருவிகளுடன் நீலகிரிக்குப் போய், தோடர், கோத்தர், படகர் ஆகியோரை அளக்கத் தொடங்கினார். சென்னையில் வெயில் நூறு டிகிரியைத் தொடும்போது மலை உச்சியில் மானிடவியல் ஆய்வு மிகவும் அவசியம்தான் என்று சிலர் கேலி பேசியதை, அவரே பின்னாளில் தம் நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். தம்மைப் பற்றிய கிண்டலை மறைக்காமல் எழுதும் அந்தக் குணம் எனக்குப் பிடித்தமானது. ஆய்வாளனுக்கு அவருடைய நூல் இன்றும் பயன்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அளவுகளில் அவர் காலத்தில் பெருமதிப்புப் பெற்றிருந்தது மூக்குக் குறியெண். மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைக்கும் எண் அது. 70-க்குக் கீழே இருந்தால் ஒடுங்கிய மூக்கு, 85-க்கு மேலே இருந்தால் அகன்ற மூக்கு, இடைப்பட்டது நடுத்தரம். மூக்கு எவ்வளவு ஒடுங்கியிருக்கிறதோ அவ்வளவுக்குச் சாதிப் படிநிலை உயரும் என்று 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி வாதிட்டுவந்தார். தர்ஸ்டன் அதே கருவிகளைக் கொண்டு, குழு ஒன்றுக்குச் சில பத்துப் பேரை அளந்து, சராசரி எடுத்து, குள்ளமான, கருநிறமான, அகன்ற மூக்குடைய காட்டுக் குடியினரைத் ‘திராவிடருக்கு முந்தையோர்’ என்று தனிப் பெட்டியில் வைத்தார். மூக்கின் அகலம் வாழிடத்தின் வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும் தொடர்புடையது என்று 1923-லேயே தாம்சனும் பக்ஸ்டனும் காட்டிவிட்டார்கள். தலையின் வடிவமும் நிலையானதன்று என்பதை, அமெரிக்காவில் குடியேறியோரின் பிள்ளைகளை அளந்து ஃபிரான்ஸ் போவாஸ் அதற்கும் முன்பே சொல்லியிருந்தார். அந்த எண்களிலிருந்து இனமும் சாதித் தகுதியும் பிறக்காது என்பதில் இன்று எங்கள் துறையில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் சமூக வலைத்தளங்களில் ‘நாங்கள் எந்த இனம்’ என்று தேடுவோர், அந்த அட்டவணைகளை நேற்று வந்த ஆய்வக முடிவு போலப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

அளக்கப்பட்டவர்கள் அந்தக் கருவிகளை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் அவருடைய முன்னுரையிலேயே கிடைக்கிறது. பழைய குற்றம் ஒன்றுக்காகத் தேடப்பட்டுவந்த நீலகிரி இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பம் தூக்குமரம் என்று சொல்லி மறுத்துவிட்டார். சேர்வராயன் மலை மலையாளிகளோ, நிலத்தை அரசுக்குப் பறித்துக்கொண்டு தங்களை அந்தமானுக்கு நாடு கடத்த வந்த அதிகாரி இவர்தான் என்று அஞ்சினார்கள். வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று நினைத்து ஓடினார்கள். அப்படிச் செய்ய முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், உயிருள்ளவர்களைப் பார்த்து உருவச்சிலை செய்யும் தொல்லை தீருமே என்று அதற்கு அவர் வேடிக்கையாகக் குறிப்பு எழுதியிருக்கிறார். அதை எழுதிய காலத்தில் வாசித்தவர்கள் சிரித்திருக்கக்கூடும். செத்த காலேஜைப் பற்றி அந்தப் பெண்கள் ஓரளவு சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் என் எண்ணம். நிலம் பறிபோகும் என்று அஞ்சியவர்களையும் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மலைச் சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் பரவிக்கொண்டிருந்த காலம் அது.

1901-இல் இந்திய அரசு நாடு முழுவதற்குமான இனவரைவியல் கணக்கெடுப்புக்கு ஒப்புதல் அளித்தபோது, சென்னை மாகாணத்துக்கு தர்ஸ்டன் பொறுப்பாளரானார். அருங்காட்சியக வேலையோடு சேர்த்துச் செய்ய வேண்டிய கூடுதல் வேலை. ஆண்டுக்கு 5,000 ரூபாய் ஒதுக்கீடு. முதலில் ஐந்து ஆண்டுகள், பிறகு அது எட்டாக நீட்டிக்கப்பட்டது. கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை விரிந்திருந்த மாகாணத்தை அந்தப் பணத்தில் ஒருவர் நடந்து பார்த்து எழுதியிருக்க முடியாது. ஒரே மாதிரியான கேள்விகள் அச்சிட்டு மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டன. உள்ளூர் அலுவலர்களும் படித்தவர்களும் பதில் எழுதினார்கள். அந்தப் பதில்கள் துல்லியத்திலும் விவரத்திலும் பல இடங்களில் தவறின என்று ஒப்புக்கொண்ட தர்ஸ்டன், கட்டையைக் கடைந்து தீ உண்டாக்குவது பற்றி வந்த, தலையும் வாலும் புரியாத ஒரு பதிலை எடுத்துக்காட்டாகவே அச்சிட்டார். நூலாசிரியர் தாமே இப்படி எச்சரித்திருக்க, வாசிப்பவர்கள் அந்த முன்னுரையைத் தாண்டி நேராகத் தங்கள் சாதிப் பெயர் உள்ள பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

நேரில் கண்டவை ஒருபுறம் இருக்க, பெரும்பகுதி பிறர் எழுத்துகளிலிருந்து தொகுக்கப்பட்டது. 1891, 1901 கணக்கெடுப்பு அறிக்கைகள், மாவட்டக் கையேடுகள், திருவிதாங்கூர் சாதிகளுக்கு என். சுப்பிரமணிய அய்யர், கொச்சிக்கு எல். கே. அனந்தகிருஷ்ண அய்யர், விசாகப்பட்டினப் பகுதிக்கு சி. ஹயவதன ராவ் என்று பல கைகள் அந்த ஏழு தொகுதிகளில் இருக்கின்றன. கள்ளர், மறவர் பதிவுகளில் 1868-இல் வெளிவந்த நெல்சனின் மதுரைக் கையேடு ஊடாடுகிறது. கொரவர் பற்றிய பதிவில் பேசுபவர்களோ முக்கியமாகக் காவல்துறையினர். திருட்டைத் துப்பறிவதே தொழிலாகக் கொண்ட அதிகாரியிடம் ஒரு சமூகத்தைப் பற்றிக் கேட்டால் திருட்டைப் பற்றித்தான் பதில் வரும். அந்தப் பதில் ‘அச்சமூகத்தின் இயல்பு’ என்ற தோரணையில் நூலேறி நிற்கிறது. தர்ஸ்டன் அருங்காட்சியகத்தில் நடத்திய மானிட அளவியல் வகுப்புகளில் பல்கலைக்கழக மாணவர்களோடு காவல்துறையினரும் பயிற்சி பெற்றார்கள் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. 1947-இல்தான் இங்கே நீக்கப்பட்டது. இப்படிப் பதிவான வரிகளைப் பேரப்பிள்ளைகள் இணையத்தில் படிக்கும்போது ஏற்படும் காயத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

தலைப்புப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் கே. ரங்காச்சாரியைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. தாவரவியலாளரான அவர், அருங்காட்சியகத்தில் உதவியாளராக இருந்து, பயணங்களிலும் தொகுப்பிலும் தர்ஸ்டனுடன் உழைத்தவர்; புகைப்படங்களில் பல அவருடையவை. பழங்குடிப் பாடல்களையும் இசையையும் ஃபோனோகிராஃப் கருவியில் பதிவு செய்யும் வேலையும் அந்தக் காலத்தில் நடந்தது. மொழி தெரிந்தவர், வீட்டு வாசல் வரை போகக்கூடியவர், சடங்கின் பெயரைச் சரியாகக் கேட்டு எழுதக்கூடியவர் யார் என்று யோசித்தால், பல பக்கங்களின் நுணுக்கத்துக்கு யாரைப் பாராட்ட வேண்டும் என்பது ஊகிக்கக்கூடியதே.

நூலின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். முந்நூறுக்கும் மேற்பட்ட சாதிகளும் குடிகளும் ஆங்கில அகர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் மட்டுமே மூன்றாம் தொகுதியை நிரப்புகின்றன. மலையில் பக்கத்து ஊர்க்காரர்களாக வாழ்ந்த தோடரும் படகரும் வெவ்வேறு தொகுதிகளுக்குப் போய்விட்டார்கள். ஒருவரையொருவர் கண்டேயிராதவர்கள் அடுத்தடுத்த பக்கங்களில் அமர்ந்தார்கள். யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார்கள், யாருடைய நிலத்தில் யார் உழைத்தார்கள், யாரைக் கண்டு யார் ஒதுங்க வேண்டியிருந்தது என்ற உறவுகள் இந்த அடுக்கில் அறுந்துபோகின்றன.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பழங்குடியினர் பட்டியல் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையிலும் அதன் பின் நாடாளுமன்றம் செய்த திருத்தங்களிலும் இருக்கிறது. அதில் உள்ள பெயரை உள்ளபடியே வாசிக்க வேண்டும், இன்ன சாதியும் இதுவும் ஒன்றே என்று சான்று காட்டிச் சேர்க்க இயலாது என்று 2000-இல் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே ‘எங்கள் சாதியும் அந்தச் சாதியும் ஒன்று என்று தர்ஸ்டன் எழுதியிருக்கிறார்’ என்ற வாதம் விசாரணையில் எடுபடாது. தெய்வம், திருமணம், ஈமச்சடங்கு முதலியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வை 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கு வலியுறுத்தியது உண்மைதான். அதுவே இறுதி உரைகல் ஆகாது என்று 2011-இலும், மீண்டும் 2023-இலும் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. விடுதலைக்கு முந்தைய பள்ளிப் பதிவேடு, வருவாய்ப் பதிவு, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவற்றுக்கே கூடுதல் மதிப்பு. தர்ஸ்டன் எழுதிய சடங்கை மனப்பாடம் செய்து வந்து ஒப்பிக்கும் மனுதாரர்களை நான் சந்தித்திருக்கிறேன். நூற்றாண்டுக்கு முந்தைய சொற்களிலேயே அவர்கள் அதைச் சொல்வதால், எங்கிருந்து வந்தது என்பது உடனே தெரிந்துவிடும். உண்மையாகவே அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரும் அவர்களில் இருக்கக்கூடும் என்பதுதான் இதில் வருத்தம். பாட்டியின் சாவுக்கு வீட்டில் என்ன செய்தார்கள் என்று அவரவர் மொழியில் சொன்னாலே போதும்.

பெரியவரின் விஷயத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மலையாளிகள் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும். அந்தியூர் மலைகள் பழைய கோவை மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மாவட்டத்தின் பெயர் பட்டியலில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டியது நாடாளுமன்றம். நரிக்குறவர்கள் 2023-இல் பட்டியலுக்குள் வந்ததும் அந்த வழியில்தான்.

தர்ஸ்டன் ஓய்வுபெற்று இங்கிலாந்தின் கார்ன்வாலில் குடியேறினார். தென்னிந்தியாவைப் பற்றி மேலும் சில நூல்கள் எழுதிய பிறகு, அந்த ஊரின் செடிகளையும் மரங்களையும் பட்டியலிடுவதில் காலம் கழித்து, 1935-இல் பென்சான்ஸ் நகரில் இறந்தார். ரங்காச்சாரியும் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்குப் போய்த் தென்னிந்தியப் புற்களைப் பற்றி நூல் எழுதினார். அவர்கள் விட்டுச்சென்ற ஏழு தொகுதிகள், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வெளியீடாகத் தமிழிலும் கிடைக்கின்றன. இன்று மறைந்துபோன கருவி ஒன்றின் பெயருக்காகவோ, ஒரு நகையின் படத்துக்காகவோ நானும் அவற்றை அடிக்கடி புரட்டுகிறேன். ஒவ்வொரு வரியிலும் இதை யார் சொன்னது, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். பல வரிகளின் ஓரம் கேள்விக்குறியோடு நின்றுவிடும்.

இதையெல்லாம் சுருக்கிச் சொல்லி முடித்தபோது, பெரியவர் அந்தப் பக்கத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் முதல் பகுதியில், தாம் பார்த்த மலையாளிகள் சேலம் மாவட்டத்தில் சேர்வராயன் மலையில் இருப்பவர்கள் என்று தர்ஸ்டனே எழுதியிருப்பதை விரலால் காட்டினேன்.

“அப்ப இது எங்க மலையப் பத்தி எழுதுனதே இல்லீங்களா?” என்று கேட்டார்.