போர்பாய்சிங் – ஓங்கிலாட்டம்

2022ஆம் ஆண்டு ஃபார்முலா 1 கார்கள் நேர்ச்சாலையில் மேலும் கீழுமாக அதிர்ந்தபோது, மலேசியாவின் செப்பாங் பந்தயங்களைப் பார்த்து வளர்ந்த கோலாலம்பூர், பினாங்கு இளைஞர்கள் பலருக்கு ‘போர்பாய்சிங்’ என்ற சொல் அறிமுகமாயிற்று. கார்களுக்கு வெகுகாலம் முன்பே நீரில் இறங்கும் விமானங்களின் விமானிகள் அஞ்சிய சொல் அது.

மிதவை விமானத்துக்குச் சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு நீண்ட மிதவைகள் இருக்கும். அவற்றின் அடிப்பகுதியில், நடுவுக்குச் சற்றுப் பின்னால், ‘படி’ எனப்படும் வெட்டு ஒன்று உண்டு. வேகமாக ஓடும்போது நீரின் பற்றிலிருந்து பின்பகுதியை விடுவிப்பது அந்தப் படிதான். அப்போது விமானம் மிதப்பதில்லை, நீரின்மேல் வழுக்கிச் செல்கிறது. இந்த நிலையில் மூக்கு சரியான கோணத்தில் நிற்க வேண்டும். சற்றே தாழ்ந்தாலும் மிதவையின் முன்பகுதி நீரை அழுத்துகிறது, நீர் அதை மேலே தள்ளுகிறது, மூக்கு எழுந்து மறுபடி விழுகிறது. இந்த எழுச்சியும் தாழ்ச்சியும் ஒரே தாளத்தில் தொடர்ந்து, வரவரப் பெருகுவதே போர்பாய்சிங்.

வீச்சுக் காற்றில் ஆபத்து இரட்டிப்பாகிறது. ஒரு வீச்சு விமானத்தைத் தூக்குகிறது. அது சட்டென்று அடங்கியதும் விமானம் தொப்பென்று இறங்குகிறது. கீழே அலை காத்திருந்தால், முதல் அலையின் முகடு மூக்கை உயர்த்தும், அடுத்த பள்ளம் அதை உள்ளே இழுக்கும். சில சுற்றுகளிலேயே மிதவையின் முனை அலைக்குள் குத்தி, விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்துவிடலாம். மிதவைகள் மேலே நிற்க, பயணிகள் நீருக்கடியில் வார்ப்பட்டையில் தலைகீழாகத் தொங்குவார்கள். உயிர்காப்பு உடையை வெளியே வந்த பிறகே ஊத வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான். உள்ளேயே ஊதினால் அது ஆளைக் கதவருகே போகவிடாமல் மேலே தூக்கி அடைத்துவிடும்.

தாளத்தைத் துரத்திப் பிடிக்க முயல்வது பெரிய தவறு. மூக்கு எழும்போது கட்டுப்பாட்டுக் கோலைத் தள்ளி, விழும்போது இழுக்கும் கை எப்போதும் அரைத்தாளம் பிந்தியே செயல்படும். ஆட்டம் இன்னும் பெருகும். கோலை மெல்லப் பின்னிழுத்து நிலையாகப் பிடிக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் எஞ்சின் விசையை முழுவதும் குறைத்து, விமானத்தை நீரில் அமரவிட வேண்டும். மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் ‘சுமத்ரா’ சூறைக்காற்று ஓய்ந்த காலையில் பினாங்கின் பத்து ஃபெரிங்கி கரையில் நின்றால் இதே பாடத்தைப் படகில் காணலாம். ஃபைபர் படகின் முனை ஒரு அலையில் ஏறி அடுத்ததில் அறைகிறது; படகோட்டி விசையைக் குறைத்ததும் பின்புறம் தாழ்ந்து, படகு அடங்குகிறது. 1938இல் சவுத்தாம்ப்டன் – சிட்னி வழித்தடத்தின் பறக்கும் படகுகளும் (உடலே படகாக அமைந்த விமானங்கள்) பினாங்கு நீரில் இறங்கிச் சென்றன.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘போர்கஸ்’ என்றால் பன்றி, ‘பிஸ்கிஸ்’ என்றால் மீன். இரண்டும் இணைந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘போர்பாய்ஸ்’ ஆயிற்று. நம் அகராதிகளும் அந்த விலங்கைக் கடற்பன்றி என்றே குறிக்கின்றன. அது மூச்சுவிட மேலே வந்து, முதுகை வளைத்து, மறுபடி அமிழும்; அந்தச் சீரான அசைவுதான் விமானத்துக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. லங்காவிக் கடலில் முதுகுத்துடுப்பு இல்லாத கடற்பன்றி இன்றும் உண்டு.

தமிழில் ‘துள்ளல்’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. துள்ளல் ஒருமுறை நிகழ்ந்தும் முடிந்துவிடலாம். இங்கே அபாயம் தாளத்தில் இருக்கிறது. ‘கடற்பன்றியாட்டம்’ நேரான பெயர்ப்பு, ஆனால் கடலைவிடப் பன்றியே முதலில் கண்முன் வந்து நிற்கிறது. கடற்பன்றியின் உறவான ஓங்கிலும் (டால்பின்) அதே அசைவு உடையது. ‘ஓங்கு’ என்ற ஒலியிலேயே எழுச்சியும் கேட்கிறது. ஆகவே ‘ஓங்கிலாட்டம்’ என்பதே என் தேர்வு.

மூக்கை மிகவும் தூக்கி, மிகுந்த வேகத்தில் இறங்கும் விமானம் நீரைவிட்டுக் கிளம்பிக் கிளம்பி விழுவது வேறொரு கோளாறு. அதற்குத் ‘தத்தல்’ என்ற பழஞ்சொல்லே போதும். செய்தி எழுதுவோர் இரண்டையும் கலக்காமல், ‘பலத்த காற்றில் இறங்கிய மிதவை விமானம் ஓங்கிலாட்டத்துக்கு உள்ளாகி மூக்குக் குத்திக் கவிழ்ந்தது’ என்றும், ‘வேகம் மிகுந்து இருமுறை தத்திய விமானம் பின்னர் நீரில் அமர்ந்தது’ என்றும் எழுதலாம்.