புக்கு உங்களுது, ஃபைலும் உங்களுதா இருக்கட்டும்

போன மாசம் மேலூர் பக்கத்துல இருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் நம்ம டிடிபி சென்டருக்கு வந்தாரு, மஞ்சப்பையில ஒரு புக்கும் ஒரு பழைய சிடியும். ஊர்க் கண்மாய்களைப் பத்தி 2009ல அவர் எழுதிப் போட்ட புக். "தம்பி, பேத்தி வெளிநாட்டுல இருக்கா, போன்லயே படிக்கணுமாம், அமேசான் கிண்டில்ல இ-புக்கா ஏத்திக் குடுங்க"ன்னாரு.

சிடியைப் போட்டா பேஜ்மேக்கர்ங்குற பழைய பக்கம் கட்டுற சாஃப்ட்வேர் ஃபைல், இங்கிலீஷ் எழுத்து மேல தமிழ் வடிவத்தை ஏத்துன பாமினி ஃபாண்ட். மேட்டரை எடுத்து வேர்டுல ஒட்டுனா, அம்மான்னு இருக்க வேண்டிய இடத்துல நாலு இங்கிலீஷ் எழுத்தும் நடுவுல ஒரு செமிகோலனும் நிக்குது. எந்த போன்லயும் தமிழாவே தெரியுற யூனிகோடுக்கு மாத்த கன்வெர்ட்டர் இருக்கு, ஆனா மாத்துனதுக்கு அப்புறம் வரிக்கு வரி உக்காந்து மெய்ப்பு பாக்கணும். அதனால இன்னைக்கு யார் புக் போட்டாலும் நான் முதல்ல சொல்றது, பிடிஎஃப் மட்டும் வாங்கிட்டு வந்துறாதீங்க, திருத்தி முடிச்ச யூனிகோடு வேர்டு ஃபைலைக் கேட்டு வாங்குங்க.

புக்கை அச்சடிச்சுக் குடுத்தவங்களோட அக்ரிமெண்ட் இருக்கா சார்னு கேட்டேன். "அதெல்லாம் எழுதலப்பா, வாய்ப்பேச்சுதான்"னு பயந்துக்கிட்டே சொன்னாரு. பயப்பட ஒண்ணுமில்ல. 1957 காப்பிரைட் சட்டத்துல 19வது பிரிவுப்படி, எழுத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் உரிமை கை மாறும், வாய்ப்பேச்சுல மாறாது. அப்படியே எழுதிக் குடுத்திருந்தாலும் எத்தனை வருஷம்னு போடலைன்னா 5 வருஷம்தான், எந்த நாடுன்னு போடலைன்னா இந்தியா மட்டும்தான்.

ஆபத்து எழுதிக் குடுக்குற இடத்துலதான். கவிதை எழுதுற ஒரு பொண்ணு ஒரு கம்பெனிக்கு 45,000 ரூபா கட்டி புக் போட்டிருக்கு. பணமும் இதுவே குடுத்துருக்கு, அச்சு, இ-புக், ஆடியோ எல்லா உரிமையும் ஆயுசுக்கும் அவங்களுக்குன்னு கையெழுத்தும் போட்டுருக்கு. படிச்சுப் பாத்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. பில்லுல ஐஎஸ்பிஎன்னுக்குன்னு, அதாவது புக்கோட அடையாள எண்ணுக்குன்னு, தனியா 3,000 வேற. ஐஎஸ்பிஎன் நம்ம நாட்டுல இலவசம்ங்க, ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி சைட்டுல எழுதுறவங்களே நேரா விண்ணப்பிக்கலாம். அச்சுக்கு மட்டும்தான் குடுக்குறேன், 3 வருஷம்தான், இ-புக்கும் ஆடியோவும் என்கிட்டயே இருக்கும்னு ரெண்டு வரி சேத்து எழுதச் சொல்லுங்க, மாட்டேன்னா எந்திரிச்சு வந்துருங்க.

அச்சுக்கும் இப்ப 500 காப்பி அடிச்சுப் பரண்ல அடுக்கணும்னு இல்ல, டிஜிட்டல் மெஷின்ல 50 போட்டுக்கலாம், காப்பிக்கு விலை கூடத்தான் ஆகும், ஆனா மதுரை தமுக்கம் புத்தகத் திருவிழாவுக்கு வேணுங்குறதை மட்டும் அடிச்சுக்கலாம்.

கிண்டில்ல ஒரு விஷயம் கவனிங்க. இந்தியாவுல விக்கிறதுக்கு 70 சதவீத ராயல்டி வேணும்னா செலக்ட்னு ஒரு திட்டத்துல சேரணும், இல்லைன்னா 35தான். அதுல சேந்தா 90 நாளைக்கு அந்த இ-புக் வேற எங்கயும் இருக்கக் கூடாது, உங்க சொந்த பிளாக்ல கூட. அச்சுப் புக்கை எங்க வேணா விக்கலாம். தானாப் புதுப்பிக்கிற டிக்கை எடுக்காம விட்டுட்டு, அடுத்த 90 நாளும் மாட்டிக்கிட்டவங்க நெறைய பேரு.

வாத்தியார் வாரத்துல ரெண்டு நாள் மாட்டுத்தாவணியில இறங்கி வந்து மெய்ப்பு பாக்குறாரு. மடைக்கும் மடைவாய்க்கும் வித்தியாசம் சொல்லிக்கிட்டே திருத்துறாரு, 112 பக்கத்துல 40 முடிஞ்சிருக்கு. அன்னன்னைக்கு முடிச்ச ஃபைலைப் பென்டிரைவ்ல வாங்கிச் சட்டைப்பையில போட்டுக்கிட்டுத்தான் கிளம்புறாரு.