பிஎம்எக்ஸ் குரூசர்: ஒரு பெயருக்குள் இரண்டு சிலுவைகள்

பிஎம்எக்ஸ் குரூசர் என்ற பந்தய மிதிவண்டியின் பெயருக்குள் சிலுவை இரண்டு முறை ஒளிந்திருக்கிறது. முதல் பாதியின் கடைசி எழுத்தான 'எக்ஸ்' ஒரு சிலுவை. 'குரூசர்' இன்னொரு சிலுவை. இரண்டுக்கும் வேர், இலத்தீன் மொழியில் சிலுவையைக் குறிக்கும் 'க்ருக்ஸ்' என்ற சொல். ஒன்று தரை வழியாகவும் மற்றொன்று கடல் வழியாகவும் பல நூற்றாண்டுகள் சுற்றிவிட்டு, கலிபோர்னியாவில் ஒரு மிதிவண்டியின் மேல் இவை மீண்டும் சந்தித்துக்கொண்டன. இந்தப் பயணத்தைத் தெரிந்துகொள்ளாமல் இதற்குத் தமிழ்ச்சொல் தேடினால் வழி தவறிவிடும். தவறியும் இருக்கிறது. 'உலா மிதிவண்டிப் பந்தயம்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. பந்தயத்தில் யாராவது உலாப் போவார்களா?

முதலில் இன்றைய பொருள். மேடுகளும் வளைவுகளும் நிறைந்த தடத்தில் ஓட்டும் சைக்கிள் பந்தயம் பிஎம்எக்ஸ். அதன் வழக்கமான வண்டிக்கு 20 அங்குலச் சக்கரம். அதைவிடப் பெரிய சக்கரம், பெரும்பாலும் 24 அங்குலம், பூட்டிய பந்தய வண்டிதான் பிஎம்எக்ஸ் குரூசர். சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் விதி இரண்டுக்கும் இடையே ஒரு கோடு போட்டிருக்கிறது: டயரோடு சேர்த்து அளந்தால் 22½ அங்குலத்துக்குள் அடங்குவது வழக்கமான பிரிவு, அதைத் தாண்டுவது குரூசர் பிரிவு. வண்டியின் மற்ற உறுப்புகளில் பெரிய மாற்றம் இல்லை. ஒரே கியர், தாழ்ந்த இருக்கை, உயர்ந்த ஹேண்டில்பார், பின்சக்கரத்துக்கு மட்டும் ஒரு பிரேக். இருக்கை பெயருக்குத்தான் இருக்கிறது. தொடக்க மேட்டிலிருந்து கடைசிக் கோடு வரை யாரும் அதில் உட்காருவதில்லை.

எக்ஸ் என்ற எழுத்து வந்த கதை சுருக்கமானது. இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற இடத்தில் 1924-இல் மோட்டார் சைக்கிள்களைக் கரடுமுரடான தரையில் ஓட்டி ஒரு பந்தயம் நடத்தினார்கள். இந்த வகைப் பந்தயத்துக்கு ஐரோப்பாவில் பின்னர் நிலைத்த பெயர் 'மோட்டோகிராஸ்'. மோட்டார் சைக்கிளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முற்பாதியும், சாலையை விட்டுக் காடுமேடு கடந்து ஓடும் ஓட்டத்தைக் குறிக்கும் 'கிராஸ்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒட்டிப் பிறந்தது அது. கிராஸ் என்றால் குறுக்கே கடப்பது. அதன் பழைய பொருள் சிலுவை. மோட்டோகிராஸைச் சைக்கிளில் விளையாடியபோது 'பைசைக்கிள் மோட்டோகிராஸ்' ஆயிற்று. அதைச் சுருக்கியவர்கள் கிராஸ் என்ற சொல்லுக்குப் பதிலாகச் சிலுவை வடிவில் இருக்கும் எழுத்தையே போட்டுவிட்டார்கள். பிஎம்எக்ஸ் பிறந்தது.

குரூசரின் கதை இதைவிட நீளமானது, எனக்குப் பிடித்ததும் இதுதான். டச்சு மொழியில் 'க்ரௌஸ்' என்றால் சிலுவை. அதிலிருந்து 'க்ரௌஸன்' என்ற வினை: குறுக்கே போவது. கடலோடிகள் அதற்குத் தனிப்பொருள் கொடுத்தார்கள். ஒரு துறைமுகத்தை நோக்கி நேராகப் போகாமல், ஒரு கடற்பரப்பிலேயே இப்படியும் அப்படியும் கோடு போட்டதுபோல் கப்பலை ஓட்டிக்கொண்டிருப்பது. எதிரியின் சரக்குக் கப்பலுக்குக் காத்திருக்கலாம், தன் நாட்டுக் கப்பலுக்குக் காவல் இருக்கலாம். இங்கிலாந்தும் ஹாலந்தும் கடலில் மோதிக்கொண்ட 1650களில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்து 'குரூஸ்' ஆயிற்று. அப்படித் திரியும் கப்பல் குரூசர்.

தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. 'குறுக்கும் நெடுக்கும் போவது' என்கிறோமே, அதுதான் இது. மருத்துவமனை வாசலில் தவிப்போடு நடப்பவரும், கடலில் எதிரிக்குக் காத்திருந்த டச்சுக் கப்பலும் செய்தது ஒரே வேலை. இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். 'குறுக்கு', 'க்ருக்ஸ்', 'க்ரௌஸ்' மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும். உடனே தமிழிலிருந்துதான் போனது என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். அப்படி எழுதக் கூடாது. குறுக்கு என்பது 'குறு' என்ற தமிழ் வேரில் பிறந்தது. நீளத்துக்கு எதிரான குறுமையைச் சொல்வது. இலத்தீன் சொல்லோடு அதற்கு உறவு காட்டச் சான்று இல்லை. ஒலி ஒத்துப்போவது தற்செயல். சொல்லாராய்ச்சியில் ஆசைப்பட்டதை எழுதினால், நாம் சரியாகச் சொல்லும் மற்றவற்றையும் உலகம் நம்பாது. டச்சுக்காரர்களிடமிருந்து நாம் உண்மையாகவே வாங்கிய சொற்கள் இருக்கின்றன. ஈழத்தமிழில் அலுவலகத்தைக் குறிக்கும் 'கந்தோர்' அப்படி வந்தது.

கப்பலிலிருந்து சொல் தரைக்கு இறங்கியபோது இலக்கில்லாமல் நிதானமாகச் சுற்றுவது என்ற பொருள் முன்னுக்கு வந்தது. உல்லாசக் கப்பல் பயணம் குரூஸ் ஆயிற்று. அமெரிக்காவில் காவல்துறையின் ரோந்துக் கார் குரூசர் ஆயிற்று. மாலை நேரத்தில் இளைஞர்கள் காரில் நகரத் தெருவைச் சுற்றி வந்ததும் குரூசிங்தான். சைக்கிளுக்கு இந்தப் பெயர் தாமதமாகத்தான் நிலைத்தது. ஷ்வின் நிறுவனம் 1933-இல் 26 அங்குலச் சக்கரத்தில் 2⅛ அங்குல அகலமுள்ள தடித்த டயரைப் பூட்டிச் சைக்கிள் விற்கத் தொடங்கியது. அந்த வண்டிகளைப் பலூன் டயர் வண்டி என்றார்கள். கனமான இரும்புச் சட்டகம், மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பிரேக். வீடு வீடாகப் பத்திரிகை போடும் சிறுவர்களுக்கு இதைவிட உறுதியான வண்டி கிடையாது. மெல்லிய டயர் சைக்கிள்கள் வந்ததும் இவை பழசாகிக் கொல்லைப்புறத்துக்குப் போயின. 1970களில் கலிபோர்னியாவின் கடற்கரை இளைஞர்கள் அவற்றைத் தூசு தட்டி எடுத்து மணலோரம் ஓட்டியபோதுதான் 'பீச் குரூசர்' என்ற பெயர் பரவியது. அதே பழைய வண்டிகளை வடக்கே மரின் பகுதியில் டமால்பைஸ் மலைச்சரிவில் உருட்டிவிட்டுப் பந்தயம் வைத்தவர்களிடமிருந்து மலைச் சைக்கிள் பிறந்தது. அது வேறு கதை.

கடற்கரையில் நிதானமாகப் போன வண்டியின் பெயர், அரை நிமிடத்தில் முடிந்துவிடும் ஆவேசமான பந்தயத்துக்கு எப்படி வந்தது? அதற்குச் சிறுவர்கள் வளர்ந்ததுதான் காரணம்.

ஷ்வின் நிறுவனமே 1963-இல் 'ஸ்டிங்ரே' என்ற சிறு வண்டியைச் சிறுவர்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 20 அங்குலச் சக்கரம், நீண்ட இருக்கை, கொம்புபோல் உயர்ந்த ஹேண்டில்பார். தெற்குக் கலிபோர்னியாப் பையன்கள் மோட்டோகிராஸ் வீரர்களைப் பார்த்து அதே பாணியில் இந்த வண்டியை மண்மேடுகளில் பறக்கவிட்டார்கள். லாங் பீச்சில் 1970-இல் இவர்களைத் திரட்டிப் பந்தயம் நடத்தத் தொடங்கிய ஸ்காட் பிரைட்ஹாப்டுக்கு வயது 13. பிஎம்எக்ஸின் அளவு 20 அங்குலமாக நிலைத்தது அந்தச் சிறுவர் வண்டியால்தான். பொறியாளர் யாரும் கணக்குப் போட்டுத் தேர்ந்த அளவு அல்ல. சிறுவர்கள் சிறுவர்களாகவே இருந்திருந்தால் எந்தச் சிக்கலும் வந்திருக்காது. அவர்கள் வளர்ந்தார்கள், கால் நீண்டது, முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. விளையாட்டை விட மனம் வரவில்லை.

பத்தாண்டு முடிவதற்குள் 26 அங்குலத்திலும் 24 அங்குலத்திலும் பிஎம்எக்ஸ் சட்டகங்கள் வந்தன. கண்ணுக்கு அவை பழைய கடற்கரைக் குரூசரின் அளவில் இருந்ததால் குரூசர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிரைட்ஹாப்ட் 1977-இல் தொடங்கிய எஸ்இ நிறுவனத்தின் 26 அங்குல வண்டிக்குப் பெயர் 'ஓஎம் ஃப்ளையர்'. ஓஎம் என்பது அவருடைய பட்டப்பெயரான 'ஓல்டு மேன்' என்பதன் சுருக்கம். கிழவர் என்று பொருள். இருபதுகளில் இருந்தவரைத்தான் அப்படி அழைத்தார்கள்! சிறுவர் கூட்டத்தின் நடுவே இருபது வயது கிழவயதாகத் தெரியும் விளையாட்டு அது. மங்கூஸ் நிறுவனத்தின் 'காஸ் குரூசர்' இன்னொரு புகழ்பெற்ற வண்டி. ஜெஃப் காஸ்மாலா என்ற வீரரின் பெயரோடு ஓசை பொருந்துவதற்காக, குரூசர் என்பதை ஆங்கில வழக்கப்படி 'சி' எழுத்தில் தொடங்காமல் 'கே' எழுத்தில் தொடங்கினார்கள். டச்சுக்காரர்கள் அந்தச் சொல்லைத் தொடங்குவதும் அதே எழுத்தில்தான். தெரியாமலேயே சொல் தாய்வீட்டுக்குப் போய்வந்துவிட்டது.

பெரிய சக்கரம் வண்டியின் குணத்தை மாற்றுகிறது. டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 406 மில்லிமீட்டரிலிருந்து 507 மில்லிமீட்டராகிறது. மேடுகள் அடுத்தடுத்து வரும் இடத்தில் சின்னச் சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும். பெரியது ஏறக்குறைய மிதந்து போகும். எடுத்த வேகம் எளிதில் குறையாது, சாய்ந்த வளைவுகளில் தடுமாறாது. தொடக்க மேட்டில் வண்டிகளைத் தடுத்து நிற்கும் கதவு விழும் நொடியில் மட்டும் அதற்குச் சோம்பல்: அதிக எடையைச் சுழற்ற வேண்டும், முதல் மிதிகளுக்கு அதிக வலு வேண்டும். எட்டுப் பேர் வரிசையாக நின்று கிளம்பும் பந்தயத்தில் முதல் மேட்டுக்கு யார் முந்துகிறார் என்பதே பெரும்பாலும் முடிவைச் சொல்லிவிடும். ஆகவே குரூசர் ஓட்டுபவர் பொறுமையாகக் கால்வலுவைக் கூட்டி, நடுவில் இழக்காத வேகத்தால் வெல்ல வேண்டியிருக்கிறது.

பிஎம்எக்ஸ் 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்குள் நுழைந்தபோது 20 அங்குல வண்டிதான் போனது; குரூசருக்கு அங்கே இடமில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. குரூசர் பிரிவின் அழகு வேறு இடத்தில் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளும் அதில் ஓட்டுகிறார்கள் என்றாலும், அந்தப் பிரிவின் உயிர் 30, 40, 50 வயதைத் தாண்டியவர்களிடம்தான். காலையில் பிள்ளையின் தலைக்கவசப் பட்டையை இறுக்கிவிட்ட அப்பாவும் அம்மாவும், சற்று நேரத்தில் தாங்களே தொடக்க மேட்டில் நிற்பார்கள். சிலர் ஒரே நாளில் 20 அங்குலப் பிரிவிலும் குரூசர் பிரிவிலும் பெயர் கொடுத்து, ஒரு வண்டியை வைத்துவிட்டு அடுத்த வண்டியோடு மேட்டுக்கு ஓடுவார்கள். பந்தயத்துக்கு வெளியே 26, 29 அங்குலப் பெரிய பிஎம்எக்ஸ்களில் இளைஞர்கள் கூட்டமாகக் கிளம்பி, முன்சக்கரத்தைத் தூக்கியபடி நகரச் சாலைகளைக் கடக்கும் 'ரைட்அவுட்' பழக்கமும் வளர்ந்திருக்கிறது. திரளாகப் போவதால் அதைத் 'திரளுலா' எனலாம். அங்கே உலா என்ற சொல் பொருந்துகிறது: அரசர் வீதிவலம் வர ஊரே பார்த்ததைப் பாடியது உலா என்ற சிற்றிலக்கியம், இவர்களும் பிறர் பார்க்கத்தான் வலம் வருகிறார்கள்.

இனி தமிழ்ச்சொல். குரூசருக்கு ஒரே தமிழ்ச்சொல் போதாது என்பது என் முடிவு. போர்க்கப்பல் பொருளில் 'சுற்றுக்காவல் கப்பல்' பொருந்தும். கடற்கரையில் ஓட்டும் வண்டிக்கு 'உலா மிதிவண்டி' மிக அழகான சொல், கைவிடவே கூடாது. பந்தய வண்டியில் குரூசர் என்பது உலாவுவதையும் சொல்லவில்லை, கடப்பதையும் சொல்லவில்லை. சக்கரத்தின் அளவை மட்டுமே சொல்கிறது. அதனால் அதற்குப் 'பெருஞ்சக்கரப் பிஎம்எக்ஸ்' என்பதே சரி. பிரிவைப் 'பெருஞ்சக்கரப் பிரிவு' எனலாம். பிஎம்எக்ஸ் என்ற பெயரை மட்டும் அப்படியே விட்டுவிடலாம் என்பேன். முழுதும் தமிழாக்கியே தீர வேண்டும் என்பவர்களுக்கு டச்சுக்காரர்கள் வழிகாட்டுகிறார்கள்: சைக்கிளைக் குறிக்கும் தங்கள் சொல்லான 'ஃபீட்ஸ்' என்பதோடு 'கிராஸ்' சேர்த்து 'ஃபீட்ஸ்கிராஸ்' என்றே இந்த விளையாட்டை அழைக்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஆண்கள் பந்தயத்தில் தங்கம் வென்ற நீக் கிம்மன் அந்த நாட்டுக்காரர். அதே வழியில் 'மேடுதாண்டு மிதிவண்டி' என்று நாமும் சொல்லிப் பார்க்கலாம். கடன்சொல்லாகவே எழுதுவதென்றால் 'க்ரூஸர்' வேண்டாம். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வருவது தமிழ் மரபில்லை. 'குரூசர்' போதும்.

24 அங்குலம் ஒரு பெருஞ்சக்கரமா என்று யாராவது கேட்பார்கள். பெரியவர்கள் ஓட்டும் சாதாரணச் சைக்கிளின் சக்கரம் இதைவிடப் பெரியது, உண்மைதான். பெருமையும் சிறுமையும் பக்கத்தில் நிற்பதை வைத்து அளப்பவை. பந்தயத் தடத்தில் இதன் பக்கத்தில் நிற்பது 20 அங்குல வண்டி. ஓட்டுபவர்கள் தங்களுக்குள் பேசும்போது சில நேரம் குரூசர் என்றுகூடச் சொல்வதில்லை. 'இருபத்து நான்கு' என்று அளவையே பெயராகச் சொல்லிவிடுகிறார்கள்.